அமெரிக்கக் கம்பனி போன்: ஹொட்ஸ்பொட் பூட்டு, வோல்ட்டி இல்லை, ஹட்டன் தாண்டினா மேப்பும் அலையுது

கொழுந்துக்கூடை கேட்டது:

போன் விவரத்தை முதல்ல சொல்லிடுறேன். சாம்சங் கேலக்ஸி எஸ்20 எஃப்ஈ 5ஜி, மொடல் எண் எஸ்எம்-ஜி781யு, அன்ட்ரொய்ட் 13. அமெரிக்காவுல ஒரு தொலைபேசிக் கம்பனி தன்னோட பேர்ல வித்த செட். ஓன் பண்ணினா அந்தக் கம்பனி லோகோதான் முதல்ல வரும். சிம் லொக் கழட்டியாச்சு. நம்ம சிம் போட்டா கோல், எஸ்எம்எஸ், 4ஜி டேட்டா மூணும் வருது.

ஹொட்ஸ்பொட் வராது. பட்டனை அழுத்தினா நாலஞ்சு செக்கன் சுத்தும், இந்தச் சேவை உங்க கணக்குல இல்லை, கம்பனியைத் தொடர்புகொள்ளுங்கன்னு ஒரு செய்தி, உடனே ஓஃப். கேபிள் வழியா டேட்டா குடுக்கிற யுஎஸ்பி டெதரிங்கும் அதே கதை.

வோல்ட்டி, அதாவது 4ஜியிலயே கோல் பேசுற வசதி, அதோட சுவிட்ச் மொபைல் நெட்வேர்க் பக்கத்துல கிடையவே கிடையாது. கோல் வந்தா மேல இருக்கிற 4ஜி போய் எச் (3ஜி) ஆகும், சில இடத்துல வெறும் ஈ (2ஜி).

மேப்தான் பெரிய தலையிடி. ஹட்டன் டவுன்ல நீலப் புள்ளி சரியா நிக்குது. கொட்டகலை தாண்டி தலவாக்கலை, நானுஓயான்னு போகப் போக புள்ளி எதிர் மலைக்குப் பாயுது, சுத்தி பெரிய வெளிர்நீல வட்டம். சில நேரம் ஜிபிஎஸ் தேடுதுன்னே நிக்கும். ஒரு வளைவைத் தவற விட்டா பாதையை மாத்துதுன்னு சொல்லிட்டு அப்படியே உறைஞ்சிடும். கோல் பேசும்போது ரொம்ப மோசம்.

செய்து பார்த்தது: ரீஸ்டார்ட், நெட்வேர்க் செட்டிங்ஸ் ரீசெட், கவரைக் கழட்டினது, லொகேஷன் அக்யுரசி ஓன், ஏபிஎன் (சிம்மோட இன்டர்நெட் இணைப்பு அமைப்பு) கையால அடிச்சது. கடையில போர்டையே மாத்தணும், இல்லாட்டி வேர்ல்ட் சொஃப்ட்வெயார் அடிக்கணும்னு சொல்றாங்க. ஜிபிஎஸ்ஸையும் அந்தக் கம்பனி பூட்டியிருக்குமா? வேன் ஹயருக்குப் பாவிக்கிற போன், அதனால மேப் முதல்ல, ஹொட்ஸ்பொட் அடுத்தது.

மின்காந்தம்:

தம்பி, கடைக்காரர் ரெண்டு வேற வருத்தத்துக்கு ஒரே மருந்து எழுதியிருக்கார். ஹொட்ஸ்பொட், வோல்ட்டி ரெண்டும் கம்பனி பூட்டினது. மேப் பிரச்சினையில கம்பனியோட பங்கு கொஞ்சம்தான், மிச்சம் மலையும் டேட்டாவும்.

ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையே இல்லை. சிம்மைக் கழட்டிட்டு வெட்ட வெளியில வச்சாலும் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். கேள்வி எவ்வளவு நேரத்துலன்னுதான். ஒரு செய்மதி தன்னோட துல்லியமான பாதை விவரத்தைச் செக்கனுக்கு 50 பிட் வேகத்துல, ஆமை மாதிரி சொல்லும். ஒரு சுற்று முடிய 30 செக்கன். அந்த 30 செக்கனுக்குள்ள செய்மதி ஒரு மலை முகட்டுக்குப் பின்னாலயோ சவுக்கு மரத்துக்குப் பின்னாலயோ மறைஞ்சா, விட்ட பகுதிக்கு அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்கணும். இப்படி நாலு செய்மதிகிட்டயாவது முழுசா வாங்கினாத்தான் உயரத்தோட சேர்த்து இடம் தெரியும். ஓடுற வேன்ல, பள்ளத்தாக்குல, இது சில நிமிஷம் இழுக்கும். வாங்கின விவரமும் ஏறத்தாழ 4 மணித்தியாலம்தான் செல்லும். காலையில வாங்கினது பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் உதவாது.

இந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான் ஏ-ஜிபிஎஸ். அதே விவரத்தை இன்டர்நெட்ல இருந்து ஒரு நொடியில எடுத்துக்கிறது. சில கிலோபைட்தான், ரீலோட் காசு கரையாது. உங்க கம்பனிப் பூட்டு குறுக்க வர்றது இங்கதான். ரெண்டு இடம் பாருங்க.

முதல்ல ஏபிஎன். செட்டிங்ஸ், கனெக்ஷன்ஸ், மொபைல் நெட்வேர்க்ஸ், அக்சஸ் பொயின்ட் நேம்ஸ். நீங்க கையால அடிச்சதைத் திறந்து கீழ வரைக்கும் இழுங்க, ஏபிஎன் டைப்னு ஒரு வரி இருக்கும். அதுல டிஃபோல்ட்னு மட்டும் எழுதியிருந்தா, ஏ-ஜிபிஎஸ் கேக்கிற இணைப்பை போன் குடுக்காது. டிஃபோல்ட், கமா, அதை ஒட்டி எஸ்-யு-பி-எல் என்கிற நாலு எழுத்து, எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து, நடுவுல இடைவெளி வேண்டாம். வரியைக் காலியா விட்டா பொதுவா எல்லாத்துக்கும்னு எடுத்துக்கும். டிஃபோல்ட்னு மட்டும் எழுதுறதுலதான் வம்பு, பலபேர் செய்றதும் அதைத்தான். சேவ் பண்ண மூணு புள்ளியை அழுத்தணும். பின்னால வந்தா மட்டும் போதாது.

ரெண்டாவது, அந்த உதவி விவரத்தைக் குடுக்கிற சேர்வர். கம்பனி சொஃப்ட்வெயார்ல அவங்களோட சொந்த சேர்வர் முகவரி இருக்கலாம், வெளி சிம்முக்கு அது பதில் சொல்லாம விடலாம். இதை நீங்க மாத்த முடியாது. ஆனா அது இல்லாமலும் வேலை நடக்கும். சிப்புக்கு வேற வழியிலயும் இன்டர்நெட்ல இருந்து செய்மதி விவரம் இறங்கும், வைஃபையிலயும் இறங்கும். அதனால வேன் எடுக்க முந்தி வீட்டு வைஃபையில ஒரு நிமிஷம் மேப்பைத் திறந்து வானம் தெரியிற இடத்துல வைங்க. பாதி நோய் அதுலயே போகும்.

புள்ளி எதிர் மலைக்குப் பாயுறதுக்குக் காரணம் வேற. செய்மதி கிடைக்காதப்ப போன் டவரை வச்சு இடத்தை ஊகிக்கும். நம்ம பக்கம் ஒரு டவர் எதிர் மலை உச்சியில இருந்துகிட்டு கிலோமீற்றர் கணக்கா தள்ளியிருக்கிற தோட்டத்துக்கும் சிக்னல் குடுக்கும். கொழும்புல டவர் நெருக்கம், ஊகம் தப்பினாலும் ஒரு சந்துதான் தப்பும். இங்க ஒரு மலையே தப்பும். அந்தப் பெரிய வெளிர்நீல வட்டம் எனக்கு நிச்சயமாத் தெரியாதுன்னு போன் சொல்றது. வட்டம் பெருசா இருக்கிறப்ப புள்ளியை நம்பாதீங்க.

ஜிபிஎஸ்டெஸ்ட்னு ஒரு இலவச செயலி இருக்கு, போட்டுப் பாருங்க. ஒவ்வொரு செய்மதிக்கும் ஒரு எண் காட்டும். 35க்கு மேல இருந்தா நல்ல சிக்னல், 25க்குக் கீழ வெறும் முணுமுணுப்பு. வெட்ட வெளியிலயே எல்லாம் 25க்குக் கீழன்னா அன்டெனா பழுது, அப்பதான் கடைக்காரர் பேச்சைக் கேக்கணும். வெளியில 38, 40ன்னு வந்து வேனுக்குள்ள விழுந்தா போன்ல பழுதில்லை. கண்ணாடியில ஒட்டின உலோகப் பூச்சு டின்ட், இல்லாட்டி போனை வச்ச இடம்.

இன்னொண்ணு, பலபேர் மிஸ்ட் இறங்கினா ஜிபிஎஸ் போயிடும்னு நினைக்கிறாங்க. போகாது. மூடுபனி, மேகம், மழை எதுவும் அந்த அலையை நிறுத்தாது. நனைஞ்ச அடர்ந்த இலை கொஞ்சம் நிறுத்தும், பாறை முழுசா நிறுத்தும்.

பதுளை_பெஞ்ச்:

மேல சொன்னது சரி. பூட்டைப் பத்தி நான் சொல்றேன்.

ஹொட்ஸ்பொட் அழுத்தினதும் நாலஞ்சு செக்கன் சுத்துதுன்னீங்கல்ல, அந்த நேரத்துல போன் அமெரிக்கக் கம்பனி சேர்வர்ல இந்த ஆளுக்கு ஹொட்ஸ்பொட் பெக்கேஜ் இருக்கான்னு கேக்குது. உங்க சிம் அவங்க கணக்குல இல்லை, பதில் இல்லை, பூட்டு. நம்ம நாட்டு சிம் கம்பனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கஸ்டமர் கெயாருக்கு எடுத்து நேரத்தை வீணாக்காதீங்க.

இணையத்துல ஒரு குறுக்கு வழி சுத்துது. டெவலப்பர் ஒப்ஷன்ஸை எடுக்கணும் (எபவுட் போன், சொஃப்ட்வெயார் இன்போர்மேஷன், பில்ட் நம்பரை 7 தரம் தட்டணும்), யுஎஸ்பி டிபக்கிங் ஓன், கொம்பியூட்டர்ல இருந்து போனுக்குக் கட்டளை குடுக்கிற ஏடிபியைப் போட்டு டெதர் டன் ரிக்வயர்ட் என்கிற குளோபல் செட்டிங்கை 0 ஆக்கணும். அது செய்றது ஒண்ணுதான்: ஹொட்ஸ்பொட்டுக்குத் தனி ஏபிஎன் தேவைங்கிற நிபந்தனையை எடுக்கும். சில பிராண்ட்ல இதுவே போதும். உங்க மொடல் மாதிரி கம்பனி சொஃப்ட்வெயார்ல பூட்டு அதுக்கும் மேல ஒரு படியில இருக்கிறதால பெரும்பாலும் சரிவராது. அஞ்சு நிமிஷ வேலை, டேட்டா அழியாது, பார்க்கிறதுல நட்டமில்லை.

நிரந்தர வழி சொஃப்ட்வெயார் மாத்துறது. ஆனா வேர்ல்ட் சொஃப்ட்வெயார்னு ஒண்ணு கிடையாது, அப்படிச் சொல்ற கடையில போனைக் குடுக்காதீங்க. உங்க மொடல் எண் கடைசியில யு. அதே வன்பொருளுக்கு அமெரிக்காவுலயே கம்பனிப் பேர் இல்லாம வந்த பதிப்பு யு1. யு போனுக்கு யு1 சொஃப்ட்வெயார் ஏறும். ஆசியா, ஐரோப்பாவுக்கு வந்த பி-யில முடியிற மொடலோட சொஃப்ட்வெயார் ஏறாது. போனைத் தொடக்கிவைக்கிற பூட்லோடர் வேற, பலவந்தமா ஏத்தப் போனா ஓடின் (கொம்பியூட்டர்ல இருந்து சாம்சங் சொஃப்ட்வெயார் ஏத்துற செயலி) சிவப்புல ஃபெயில்னு காட்டும்.

முதல்ல *#1234# அடிங்க. ஏபி, சிபி, சிஎஸ்சின்னு மூணு வரி வரும். ஏபி வரியில கடைசியில இருந்து எண்ணி அஞ்சாவது எழுத்தைக் குறிச்சுக்குங்க. அதுதான் பூட்லோடர் இலக்கம். இறக்கப்போற யு1 ஃபைல்ல அதே இடத்துல அதே இலக்கமோ கூடினதோ இருக்கணும். குறைஞ்சதை ஏத்த முடியாது, பழைய பதிப்புக்கு இறங்கவே விடாது. இங்க எண்ணத் தவறுறவங்கதான் ராத்திரி 11 மணிக்குக் கோல் எடுப்பாங்க.

ஃபைல் பல ஜிகாபைட். டேட்டாவுல இறக்காதீங்க, நைட் பெக்கேஜோ வைஃபையோ பாருங்க. பிரிச்சா பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி, ஹோம்-சிஎஸ்சின்னு வரும். முதல் நாலையும் ஓடின்ல அதே பேர் கொண்ட பெட்டியில போடணும். ஹோம்-சிஎஸ்சி போட்டா டேட்டா அழியாதுன்னு சொல்வாங்க, ஆனா கம்பனி மாறுற இடத்துல அது போட்டா பழைய கம்பனி செட்டிங் அரைகுறையா ஒட்டிக்கிட்டிருக்கும். முழுசா அழிக்கிற சிஎஸ்சிதான் போடணும். அதனால படம், கொண்டெக்ட், வட்ஸ்அப் எல்லாம் பெக்கப் எடுத்துட்டு, கூகுள் கணக்கை செட்டிங்ஸ்ல இருந்து நீக்கிட்டுத் தொடங்குங்க. நீக்காம விட்டு, பாஸ்வேர்டும் மறந்துபோச்சுன்னா போன் உங்களையே உள்ள விடாது.

போனை ஓஃப் பண்ணி, ரெண்டு வொலியூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொம்பியூட்டர் கேபிளைச் சொருகினா டவுன்லோட் மோட் வரும். யு-வுல இருந்து யு1-க்குப் போறப்ப சாதாரண ஓடின் சில நேரம் மறுத்துடும், திருத்தின பதிப்பு தேவைப்படும். கேபிள் அசையக் கூடாது. லெப்டொப்ல பெற்றரி நிறைய இருக்கணும், கரண்ட் போற நேரம் பார்த்துத் தொடங்காதீங்க. சாம்சங் கையெழுத்திட்ட ஒரிஜினல் ஃபைல்தான் ஏத்துறோம்ங்கிறதால நொக்ஸ் என்கிற சாம்சங் பாதுகாப்பு உடையாது.

இதுக்கு அப்புறம் லோகோ போகும், ஹொட்ஸ்பொட் வரும். வோல்ட்டிக்கு உறுதி தரமாட்டேன். வோல்ட்டி வர ரெண்டு பக்கமும் சேரணும். போன் சொஃப்ட்வெயார்ல நம்ம நாட்டுக் கம்பனியோட அமைப்பு இருக்கணும், நம்ம கம்பனியும் அந்த மொடலை ஏத்துக்கணும். அமெரிக்காவுக்குன்னு எழுதின சொஃப்ட்வெயார்ல இலங்கைக்கான அமைப்பை எதிர்பார்க்க முடியாது. ரெண்டாவது சிம் வேணும்னு நினைச்சிருந்தாலும் மறந்துடுங்க, அந்த மொடல் ட்ரேயிலயே ஒரு சிம்முக்குத்தான் இடம்.

இனி இப்படி போன் வாங்குறவங்க கவனத்துக்கு: சொஃப்ட்வெயார் மாத்தினா சிம் லொக் கழராது, அது வேற பூட்டு. காசு குடுக்க முந்தி *#06# அடிச்சு போனோட அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எடுத்து, ஐஎம்இஐ என்கிற நாலு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்கம்னு 1909க்கு எஸ்எம்எஸ் போடுங்க. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுல பதிஞ்ச போனா இல்லையான்னு பதில் வரும்.

கொழுந்துக்கூடை:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. பார்த்ததை எழுதுறேன்.

ஏபிஎன் டைப்ல டிஃபோல்ட்னு மட்டும்தான் இருந்துச்சு. ஜிபிஎஸ்டெஸ்ட்ல உதவி விவரத்தை அழிச்சுட்டு, மைதானத்துல வச்சுப் பார்த்தேன். பழைய ஏபிஎன்ல இடம் பிடிக்க 2 நிமிஷம் 40 செக்கன். எஸ்-யு-பி-எல் சேர்த்த பிறகு, திரும்ப அழிச்சுப் பார்த்தா 9 செக்கன். சிக்னல் எண் வெளியில 36ல இருந்து 42. வேன் டேஷ்போர்ட்ல 30, 33. சீட்டுக்கு நடுவுல பெட்டியில வச்சா 19, 21. அப்ப அன்டெனா நல்லம்னு எடுத்துக்கிறேன்.

ஏடிபி வழி சரிவரலை, அதே செய்திதான் வந்துச்சு. ஏபி வரியில அஞ்சாவது எழுத்தைக் குறிச்சு வச்சிருக்கேன்.

புள்ளி இப்ப எதிர் மலைக்குப் போகலை. ஆனா பாதை மாத்துறப்ப உறையுறது அப்படியே. கோல் பேசும்போதும் அதே. அப்புறம் வளைவுல நிக்கிறப்ப கீழ் ரோட்டுல இருக்கிற மாதிரி காட்டி, யூ டேர்ன் எடுக்கச் சொல்லுது.

கொண்டைஊசி:

கோல் பேசும்போது உறையுறது வோல்ட்டி இல்லாததால. 4ஜியில கோல் எடுக்கத் தெரியாத போன், கோல் வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். 3ஜின்னா டேட்டா மெதுவா ஓடும். 2ஜின்னா, அதாவது நீங்க சொன்ன அந்த ஈ, பேசி முடிக்கிற வரைக்கும் டேட்டா நின்னே போகும். அந்த நேரம் பார்த்து ஒரு சந்தியைத் தவற விட்டா புதுப் பாதை கேக்க ஆளில்லை. ரெண்டுக்கும் ஒரே மருந்து, ஓஃப்லைன் மேப்.

கூகுள் மேப்ல உங்க படத்தைத் தட்டி ஓஃப்லைன் மேப்ஸ், சிலெக்ட் யுவர் ஓன் மேப். சதுரத்தை இழுத்து கினிகத்தேனையில இருந்து பதுளை வரைக்கும், மேல கண்டியும் கீழ பெரகலையும் உள்ள விழுற மாதிரி வைங்க. தொடங்குற இடம், போற இடம் ரெண்டுமே இறக்கின பகுதிக்குள்ள இருந்தாத்தான் டேட்டா இல்லாம பாதை போடும், அதனால கஞ்சத்தனம் வேண்டாம். காலாவதியாகிற ஃபைல் அது, வைஃபையில தானா புதுப்பிக்கிற சுவிட்சை ஓன்ல விடுங்க. ஓஃப்லைன்ல வாகனப் பாதை மட்டும்தான் வரும். நடைபாதை வராது, ட்ராஃபிக் வராது, மாற்றுப் பாதையும் காட்டாது.

அதுக்கு மேல ஒர்கானிக் மேப்ஸும் ஒண்ணு போட்டு வைங்க. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுல ஓடுது, விளம்பரம் இல்லை, இலங்கையை ஒரே தடவையில இறக்கிடலாம், நடைபாதையும் வரும். எது சிறந்ததுன்னு சண்டை பிடிக்க வேண்டாம். டவுனுக்குள்ள கடை தேட கூகுள், தோட்டத்துக்குள்ள போக இது. கரத்தை ரோட்டும் குறுக்குப் பாதையும் கூகுள்ல இல்லாதது இதுல பல இடத்துல இருக்கு. மறுபக்கமும் நடக்கும்.

வளைவுல கீழ் ரோட்டைக் காட்டுறது பழுதில்லை. புசல்லாவையில இருந்து ரம்பொடைக்கு ஏறுற வழியை நினைச்சுப் பாருங்க. கொண்டை ஊசி வளைவுல மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் உயரத்துல நல்ல வித்தியாசம், மேல இருந்து பார்த்தா இடைவெளி 20, 30 மீற்றர்தான். மலைச் சுவர்ல பட்டுத் திரும்புற அலையால போனுக்கு 10, 15 மீற்றர் தவறு வர்றது சாதாரணம். செயலி புள்ளியைக் கிட்ட இருக்கிற ரோட்டுல ஒட்டிவிடும், அது கீழ் ரோடா போயிடும். உயரத்தை வச்சு அது தீர்மானிக்கிறதில்லை. 100, 200 மீற்றர் ஓடினதும் திசையைப் பார்த்துத் தானா திருந்தும். அதனால வளைவுக்குள்ள வர்ற யூ டேர்னை காதுல போட்டுக்காதீங்க, நிறுத்தியும் பார்க்காதீங்க, பின்னால லொறி வரும். ரம்பொடை சுரங்கத்துலயும் அப்படித்தான். 225 மீற்றர், போன் பழைய வேகத்தை வச்சு ஊகிச்சு ஓட்டும், வெளியில வந்ததும் புள்ளி ஒரு குதி குதிக்கும்.

வேன் ஓட்டுறவங்களுக்கு முக்கியமானது, செயலி தூரத்தையும் நேரத்தையும்தான் பார்க்கும், இறக்கத்தைப் பார்க்காது. நுவரெலியாவுல இருந்து தலவாக்கலைப் பக்கம் போகச் சொன்னா, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில இறக்கிவிடும். 2023 ஜனவரியில பஸ், வேன், ஓட்டோ மோதி ஏழு பேர் இறந்த வீதி அது. ஆள் நிறைஞ்ச வேனோட போறப்ப பிரதான வீதியில நடுவுல ஒரு நிறுத்தப் புள்ளியைச் சேர்த்துடுங்க, செயலி வேற வழியில்லாம அதுவழியாத்தான் போடும். ஆனா ஓஃப்லைன்ல கணக்குப் போட்டா மண்சரிவுல மூடின ரோட்டையும் திறந்திருக்குன்னுதான் சொல்லும். மழை நாள்ல கிளம்ப முந்தி 117க்கு ஒரு கோல், அனர்த்த முகாமைத்துவ நிலையம். செயலியை விட அது நம்பிக்கை.

மேப்லவர்:

சொஃப்ட்வெயார் மாத்துறது எதுக்கு? டேட்டா சிம்மைப் பழைய போன்ல போடுங்க, அதுல ஹொட்ஸ்பொட் ஓன் பண்ணுங்க, எஸ்20ஐ வைஃபையில சேருங்க. வர்ற ஆட்களுக்கும் அதே ஹொட்ஸ்பொட். ஏ-ஜிபிஎஸ் விவரம் வைஃபையிலயும் இறங்கும்னு மேல சொல்லியாச்சு. கோல் சிம் எஸ்20ல இருந்தா, கோல் வந்து 2ஜிக்கு இறங்கினாலும் டேட்டா பழைய போன்ல நிக்காம ஓடும். ஒரு சதமும் செலவில்லை, டேட்டாவும் அழியாது.

பதுளை_பெஞ்ச்:

இது நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். கைவசம் ரெண்டு போன் இருக்கிறவருக்கு நான் சொன்னது தேவையே இல்லை. ஒண்ணு மட்டும் பாருங்க. பழைய போன் ஹொட்ஸ்பொட் ஓடுறப்ப கொதிக்கும், வெயில் படுற டேஷ்போர்ட்ல வைக்காதீங்க. ஆள் சேராம கொஞ்ச நேரம் இருந்தா ஹொட்ஸ்பொட் தானா ஓஃப் ஆகிற செட்டிங் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்க. வேன் சார்ஜர் 2 அம்பியருக்குக் குறைஞ்சா, ஏத்துறதை விட இறங்குறது கூட.

கொழுந்துக்கூடை:

சிம்மை மாத்திப் போட்டுட்டேன், ஓஃப்லைன் மேப்பும் இறக்கியாச்சு. சொஃப்ட்வெயார் வேலையை இப்போதைக்கு விட்டுட்டேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. நின்ன இடத்துல நீலப் புள்ளியோட முனை தப்பான பக்கம் காட்டுது, வேன் நகர்ந்தா சரியாகுது. அடுத்தது, தோட்டத்துக்குள்ள ஹயர் வந்தா தோட்டப் பேர் அடிச்சுத் தேடினா டவுன் தபால் கந்தோருக்குக் கொண்டு போய் விடுது.

மின்காந்தம்:

முனை தப்புறது திசைகாட்டி உணரி, ஜிபிஎஸ் இல்லை. நகர்றப்ப செயலி ஓடுற திசையைப் பார்த்துக் கணிக்கும், நிக்கிறப்ப காந்தத்தை நம்பும். *#0*# அடிச்சு சென்சர்ங்கிறதைத் தட்டினா ஒரு வட்டமும் முள்ளும் வரும். பக்கத்துல 3ன்னு இருந்தா சரி, 0ன்னா குழம்பியிருக்கு. கம்பனி சொஃப்ட்வெயார்ல சில நேரம் *#0*# அடிச்சாலும் திறக்காது, அப்ப ஜிபிஎஸ்டெஸ்ட்லயே திசை பார்க்கலாம். போனைக் காத்துல எட்டு வடிவத்துல நாலஞ்சு தரம் சுத்துங்க. ஆனா காந்தம் வச்ச ஹோல்டர்ல ஒட்டினீங்கன்னா மறுபடி குழம்பும், எவ்வளவு எட்டுப் போட்டாலும் சரி. பிடிக்கிற கிளிப் ஹோல்டருக்கு மாறுங்க.

கொண்டைஊசி:

தோட்டத்துக்குப் பேரை நம்பாதீங்க. பதிவுல ஒரு இங்கிலீஷ் பேர், நம்ம ஆட்கள் வாயில ஒரு தமிழ்ப் பேர், மேப்ல மூணாவது எழுத்துக்கூட்டல். மேல் டிவிசன், கீழ் டிவிசன்னு அடிச்சா வேற தோட்டத்து டிவிசன் வந்து நிக்கும். விலாசத்துல தபால் ஊர் இருந்தா செயலி அந்தத் தபால் கந்தோருக்குத்தான் குத்தும்.

ஹயர் குடுக்கிறவரை லயத்தடியிலயோ ஸ்டோரடியிலயோ நின்னு மேப்பை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ஒரு முள் விழும், அதோட ரெண்டு எண் வரும். அதை அப்படியே எஸ்எம்எஸ்ல அனுப்பச் சொல்லுங்க. டேட்டா இல்லாத இடத்துல இருந்தும் எஸ்எம்எஸ் வந்து சேரும். நம்ம பக்கம் முதல் எண் 6 அல்லது 7ல தொடங்கும், ரெண்டாவது 80 அல்லது 81ல. ஹட்டன்னா 6.89, 80.60 கிட்ட. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தா 11 மீற்றருக்குள்ள கண்டுபிடிக்கலாம், ரெண்டு இலக்கம்னா ஒரு கிலோமீற்றர் வரைக்கும் தப்பும், அதாவது வேற மலை.

வாயால கேட்டு எழுதுறப்ப ஒரு இடத்துல கவனம். சில போன் பாகை, நிமிஷம்னு காட்டும். 6 பாகை 50 நிமிஷம்னு சொன்னதை 6.50ன்னு அடிச்சா 37 கிலோமீற்றர் தெற்கே போய் நிப்பீங்க, ஏன்னா 50 நிமிஷம்னா 0.83. அதுக்குத்தான் கேட்டு எழுதாம எஸ்எம்எஸ்ல வாங்கச் சொல்றேன்.

அதே ரெண்டு எண்ணையும் உங்க வீட்டுக்கும் எடுத்து கொண்டெக்ட்ல சேவ் பண்ணி வைங்க. ராத்திரியில 1990 அம்பியூலன்ஸுக்கு எடுத்து எந்த டிவிசன், எந்த லயம்னு விளங்கப்படுத்துறதை விட, அந்த எண்ணை வாசிக்கிறது சுலபம்.